கற்ற மொழியில் காத்த பாட்டு

1945ஆம் ஆண்டின் கோடைக்காலம். தனி ஆளாக ஆம்ஸ்டர்டாம் திரும்பியிருந்த ஓட்டோ பிராங்க் தன் இரண்டு மகள்களையும் தேடிக்கொண்டிருந்தார். முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களை விசாரித்தார். செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தார். அவர் தேடிய விடை இரண்டு சகோதரிகளிடம் இருந்தது. மார்கோவும் ஆனும் பெர்கன்-பெல்சன் முகாமில் டைபஸ் நோய்க்குப் பலியானார்கள் என்ற செய்தியை அவர்கள்தான் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் உடல்களைப் புதைகுழிக்குக் கொண்டுபோனதும் தாங்களே என்று பின்னாளில் இருவரும் சாட்சி சொன்னார்கள்.

ஆன் பிராங்கின் நாட்குறிப்பை உலகமே படித்திருக்கிறது. அந்தச் செய்தியைச் சொன்ன சகோதரிகளைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. தங்கை யான்னி, நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அக்கா ரெபெக்கா பிரில்லெஸ்லைப்பருக்கு அப்போது வயது 32. அவர் பாடகி, நடனக் கலைஞர். மேடையில் அவர் பெயர் லின் யால்டாட்டி.

முகாமிலிருந்து மீண்ட பிறகு அவர் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அவர் பாடியது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில். அதில் பெரும்பகுதியைப் பாடியது ஜெர்மன் மண்ணில். இத்தனைக்கும் யிட்டிஷ் அவருடைய தாய்மொழி இல்லை. வளர்ந்த பிறகு, ஆர்வத்தால் கற்றுக்கொண்ட மொழி.

அம்மாவின் மொழி

யிட்டிஷ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதியை ஒட்டிய யூதக் குடியிருப்புகளில் பிறந்தது. அதன் அடிக்கட்டு ஜெர்மன். அதன்மேல் எபிரேயச் சொற்களும் அரமேயச் சொற்களும் ஏறின. யூதர்கள் கிழக்கே போலந்து, லித்துவேனியா, உக்ரைன் என்று குடிபெயர்ந்தபோது ஸ்லாவிய மொழிகளும் வந்து கலந்தன. எழுதுவது எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக. ஜெப ஆலயத்தில் ஒலித்த எபிரேயத்தைப் ‘புனித மொழி’ என்றார்கள். அடுப்படியிலும் சந்தையிலும் தொட்டில் பக்கத்திலும் புழங்கிய யிட்டிஷை ‘மாமெ-லோஷன்’ என்றார்கள். அம்மாவின் மொழி என்று அதற்குப் பொருள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் யிட்டிஷ் பேசினார்கள். அந்த மொழியில் நாளிதழ்கள் வந்தன, நாடகக் குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின, நாவல்களும் கவிதைகளும் குவிந்தன. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் யிட்டிஷ் பேசியவர்கள். 1978இல் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் யிட்டிஷ் எழுத்துக்காக நோபல் பரிசு வாங்கியபோது, அவர் எழுதிய மொழியைப் பேசிய வார்சா நகர வீதிகள் மண்ணோடு மண்ணாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

அந்த வீதிகளில் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தாலாட்டு, காதல் பாட்டு, கல்யாணத்தில் மணப்பெண்ணை அழவைக்கும் பாட்டு, தையல் கடைத் தொழிலாளியின் பாட்டு, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போன மகனை நினைத்துத் தாய் பாடும் பாட்டு, ரபி என்னும் மதகுருவை மெச்சும் பாட்டு, ரபியைக் கேலி செய்யும் பாட்டு என எல்லாம் உண்டு.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த இசை முழுக்க அந்நியமாகப் படாது. யூத இசைக்காரர்கள் ‘ஃபிரெய்கிஷ்’ என்று சொல்லும் சுர வரிசையின் ஏழு சுரங்களும் நம்முடைய 14ஆவது மேளகர்த்தாவான வகுளாபரணத்தின் சுரங்களே. ‘மிஷெபெராக்’ என்ற இன்னொரு வரிசை 58ஆவது மேளமான ஹேமவதியோடு சுரத்துக்குச் சுரம் பொருந்தும். நடை வேறு, அசைவுகள் வேறு. குறிப்பாக ‘கிரெக்ட்ஸ்’ என்று ஓர் அசைவு உண்டு. முனகல் என்பது அந்தச் சொல்லின் பொருள். சுரத்தின் நுனியில் தொண்டை ஒரு கணம் அடைபட்டு விடுபடும். அழுகைக்குச் சற்று முன் வரும் விக்கல்போல ஒலிக்கும். நமது கமகத்தைப் போலவே இதையும் ஐரோப்பிய இசைக் குறியீட்டில் முழுதாக எழுதிக்காட்ட முடியாது. பாடத் தெரிந்தவர் பாட, பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பாடத் தெரிந்தவர்களே கொல்லப்பட்ட பிறகு அதை யாரிடம் போய்க் கேட்பது? போருக்குப் பின் யிட்டிஷ் பாட்டுக்கு நேர்ந்த நெருக்கடியின் மையம் இதுதான்.

தையல்காரப் பெண் கற்ற பாட்டு

லின் 1912 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரத்து யூதர்களின் முன்னோர் பலர் யிட்டிஷ் பேசியவர்களே. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் யூதப் பள்ளிகளில் டச்சு கட்டாயமானது. லின் பிறந்த காலத்தில் வீட்டிலும் தெருவிலும் டச்சு மட்டுமே மிஞ்சியிருந்தது. பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்ட சில சொற்கள்தான் பழைய மொழியின் தடயம். ஆம்ஸ்டர்டாமை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் செல்லமாக ‘மோகும்’ என்பார்கள். அது யிட்டிஷ் வழியாக வந்த எபிரேயச் சொல். இடம், ஊர் என்று பொருள்.

லின் சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனார். வேலை முடிந்து நடனம் பயின்றார். வளர்ந்ததும் பாட்டும் ஆட்டமும் கலந்த மேடை நிகழ்ச்சிகளில் குழு நடனம் ஆடினார். 1930களில் அவர் கால்கள் இன்னொரு திசைக்குத் திரும்பின. போலந்திலிருந்தும் மற்றக் கிழக்கு நாடுகளிலிருந்தும் வறுமைக்கும் யூத வெறுப்புக்கும் தப்பி வந்த யூதர்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் நடத்தினார்கள். அதன் பெயர் அன்-ஸ்கி சங்கம். அங்கேதான் லின் யிட்டிஷைக் கேட்டார். புலம்பெயர்ந்து வந்த ஏழைகளின் மொழி என்று உள்ளூர் யூதர்களில் பலர் தள்ளிவைத்திருந்த மொழி அது. அவர் அதைக் கற்றார், அதிலேயே பாடத் தொடங்கினார். ‘யால்டாட்டி’ என்ற மேடைப் பெயரையும் சூடிக்கொண்டார். எபிரேயத்தில் ‘என் சிறுமி’ என்று அதற்குப் பொருள்.

சங்கத்துக்குப் பெயர் தந்த எஸ். அன்-ஸ்கி ஓர் எழுத்தாளர். ‘திபுக்’ என்ற புகழ்பெற்ற நாடகத்தை எழுதியவர். அதைவிடப் பெரிய அவருடைய கொடை ஒன்று உண்டு. 1912 முதல் 1914 வரை உக்ரைனின் யூதச் சிற்றூர்களுக்குள் அவர் ஒரு குழுவோடு பயணம் செய்து, கிராமத்தார் பாடியதை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். பாட்டைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒருவரின் பெயர் தாங்கிய இடத்தில், பாட்டைக் காப்பாற்றப்போகிற இன்னொருவர் முதல் பாடம் கற்றிருக்கிறார்.

1937இல் எபர்ஹார்ட் ரெப்லிங்கை லின் சந்தித்தார். பெர்லினில் பிறந்தவர். இசையியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தேர்ந்த பியானோக் கலைஞர், யூதர் அல்லர். ஹிட்லரின் ஆட்சியில் வாழ விரும்பாமல் 1936இல் நெதர்லாந்துக்கு வந்துவிட்டவர். இருவரும் காதலித்தார்கள். ஜெர்மன் குடிமகன் யூதப் பெண்ணை மணப்பது 1935ஆம் ஆண்டின் நியூரம்பர்க் சட்டப்படி குற்றம். எனவே சட்டப்படி மணக்க முடியாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். லின் பாட, எபர்ஹார்ட் பியானோ வாசித்தார். அந்த மேடைக் கூட்டு ஐம்பது ஆண்டு நீடித்தது.

காட்டு வீட்டில் கச்சேரி

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தது. அங்கிருந்த யூதர்கள் சுமார் 1,40,000 பேர். முதலில் பதிவு, பிறகு பொது இடங்களில் தடை, பிறகு மஞ்சள் நட்சத்திரம், 1942 கோடையிலிருந்து முகாம்களுக்கு ரயில்கள். யூதக் கலைஞர்கள் மேடைகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். விரட்டப்பட்டவர்களும், நாஜிகளின் கலைஞர் சங்கத்தில் சேர மறுத்தவர்களும் வீடுகளில் ரகசியக் கச்சேரிகள் நடத்தினார்கள். திரைச்சீலையை இழுத்து மூடிய வரவேற்பறைகளில் லினும் எபர்ஹார்டும் பாடி வாசித்தார்கள். இதற்கிடையே 1941 ஆகஸ்டில் மகள் கத்திங்கா பிறந்தாள்.

1943 பிப்ரவரியில் இரு சகோதரிகளும் குடும்பத்தோடு நார்டன் என்ற ஊருக்கு அருகே, மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பெரிய வீட்டில் ஒளிந்தார்கள். ‘உயரக் கூடு’ என்று பொருள்படும் பெயர் அந்த வீட்டுக்கு. அப்பா, அம்மா, தம்பி, பிள்ளைகள் எல்லோரும் அங்கே. அடைக்கலம் தேடி வந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் பதினேழு பேர் அங்கே வாழ்ந்தார்கள். வெளியே யூதர்களைப் பிடித்துக்கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று காசு. உள்ளே பியானோ, பாட்டு, பிள்ளைகளுக்குப் பாடம். ஆன் பிராங்கின் குடும்பம் நகரத்து மாடியில் மூச்சை அடக்கி ஒளிந்திருந்த அதே மாதங்களில், காட்டு வீட்டில் யிட்டிஷ் பாட்டு ஒலித்தது.

1944 ஜூலை 10ஆம் தேதி வீடு பிடிபட்டது. எபர்ஹார்ட் கொண்டுசெல்லப்படும் வழியில் தப்பினார். குழந்தைகளை எதிர்ப்பு இயக்கத்தார் காப்பாற்றினார்கள். லின், யான்னி, பெற்றோர், தம்பி ஆகியோர் வெஸ்டர்போர்க் இடைமுகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து அவுஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட கடைசி ரயில் செப்டம்பர் 3ஆம் தேதி கிளம்பியது. அதில் 1,019 பேர். பிராங்க் குடும்பமும் அதே ரயிலில் இருந்தது.

அவுஷ்விட்ஸிலிருந்து சகோதரிகள் இருவரும் பெர்கன்-பெல்சனுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே 1944 டிசம்பரில் நடந்த ஒன்றை லின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மூன்று சோடிச் சகோதரிகள் சேர்ந்துகொண்டார்கள்: லினும் யான்னியும், மார்கோவும் ஆனும், இன்னோர் இருவரும். ஆளுக்குக் கொஞ்சம் ரொட்டியை மிச்சம் பிடித்து, கிறிஸ்துமஸையும் யூதர்களின் ஹனுக்கா விளக்குத் திருநாளையும் ஒன்றாகக் கொண்டாடினார்கள். மெல்லிய குரலில் பாடினார்கள். அடுத்த சில வாரங்களில் பிராங்க் சகோதரிகள் இருவரும் நோயில் விழுந்தார்கள். பேன் தொல்லை தாங்காமல் உடுப்புகளை வீசிவிட்டு, ஒற்றைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆன் வந்து நின்ற காட்சியை யான்னி கடைசிவரை மறக்கவில்லை.

1945 ஏப்ரல் 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை முகாமுக்குள் வந்தபோது அங்கே சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். புதைக்கப்படாத உடல்கள் 13,000க்கு மேல். லினும் யான்னியும் பிழைத்தார்கள். எபர்ஹார்டும் கத்திங்காவும் உயிரோடு இருந்தார்கள். அப்பா, அம்மா, தம்பி மூவரும் திரும்பவில்லை. நெதர்லாந்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சுமார் 1,07,000 யூதர்களில் திரும்பியவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்.

தச்சரின் பாட்டும் போராளியின் பாட்டும்

உடம்பு தேறியதும் லின் மறுபடி பாடினார். போருக்கு முன் அவர் பாடியது பக்கத்துத் தெருக்காரர்களின் மொழியில். இப்போது அந்தத் தெருவே காலி. இனி அந்தப் பாட்டுகளைத் தெரிந்த சிலரில் அவரும் ஒருவர்.

அவருடைய நிகழ்ச்சிகளில் நிலையான இடம் பிடித்த இருவரைப் பார்த்தால், எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பது விளங்கும். ஒருவர் மொர்தெகாய் கெபிர்டிக். போலந்தின் கிராகோவ் நகரத்துத் தச்சர். முறையாக இசை படிக்காதவர். குழலில் மெட்டை ஊதிப் பார்ப்பார், நண்பர்கள் குறியீட்டில் எழுதிக்கொள்வார்கள். அவருடைய தாலாட்டுகளும் சிறுபிள்ளைப் பருவத்துப் பாட்டுகளும் போலந்து யூத வீடுகள் எங்கும் பரவின. 1936இல் ப்ஷிதிக் என்ற ஊரில் யூதர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு, ஊரே தீப்பற்றி எரிவதைப் பாடும் ‘எஸ் பிரெண்ட்’ பாட்டை அவர் இயற்றினார். நடக்கப்போவதை முன்கூட்டிக் கண்டதுபோல அமைந்த பாட்டு அது. 1942 ஜூன் 4ஆம் தேதி யூதர்களை அடைத்துவைத்த கிராகோவ் கெட்டோவில் ஜெர்மன் காவலர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இன்னொருவர் ஹிர்ஷ் கிளிக். வில்னா கெட்டோவில் அடைபட்டிருந்த இளைஞர், கவிஞர். 1943இல் வார்சா கெட்டோவில் யூதர்கள் ஆயுதம் எடுத்துப் போராடிய செய்தி கேட்டு ஒரு பாட்டு எழுதினார். போக்ராஸ் சகோதரர்கள் சோவியத் திரைப்படத்துக்குப் போட்ட மெட்டில் அதைப் பொருத்தினார். மறைந்திருந்து போரிட்டவர்களின் பாட்டாக அது கெட்டோக்களிலும் முகாம்களிலும் வாய்வழியாகவே பரவியது. கிளிக் 1944இல் எஸ்தோனியாவில் ஒரு முகாமிலிருந்து தப்பியபின் காணாமல் போனார். இன்று உலகெங்கும் யூதப் படுகொலை நினைவு நாள் கூட்டங்களில் அந்தப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். லினும் எபர்ஹார்டும் 1986இல் வெளியிட்ட நினைவு நூலுக்கு அதன் முதல் வரியைத்தான் தலைப்பாக வைத்தார்கள்.

இப்படிப்பட்ட பாட்டுகளை எழுதியவர்கள் மேடையேற முடியாது. அவர்களுக்குப் பதிலாக யாராவது பாடியாக வேண்டும்.

ஜெர்மானியர் முன்னால்

1952இல் லினும் எபர்ஹார்டும் கத்திங்காவையும், முந்தைய ஆண்டு பிறந்த இரண்டாவது மகள் யால்டாவையும் அழைத்துக்கொண்டு கிழக்கு பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்கள். இருவரும் உறுதியான கம்யூனிஸ்டுகள். நாஜிகளை எதிர்த்தவர்கள் கட்டும் புதிய ஜெர்மனி என்று அந்த நாட்டை நம்பினார்கள். எபர்ஹார்ட் அங்கே இசைக் கல்லூரி முதல்வராக உயர்ந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம் நல்ல நேரமாக இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பிராகாவில் ஸ்லான்ஸ்கி வழக்கு நடந்தது. பெரும்பாலும் யூதர்களான கம்யூனிஸ்டுத் தலைவர்கள்மீது சதிக் குற்றம் சாட்டி, அவர்களில் பலரைத் தூக்கிலிட்டார்கள். அச்சம் கிழக்கு ஜெர்மனியையும் தொட்டது. 1953 தொடக்கத்தில் யூத சமூகத் தலைவர்கள் பலர் மேற்கே தப்பி ஓடினார்கள். லின் போகவில்லை. அங்கேயே இருந்து பாடினார்.

அவர் பாட்டுக்கு அந்த மண்ணில் தனி வலிமை ஒன்று இருந்தது. யிட்டிஷின் அடிக்கட்டு ஜெர்மன் என்பதால், மொழிபெயர்ப்பு இல்லாமலே கேட்பவர்களுக்குப் பாதிக்கு மேல் புரியும். குழந்தைக்கு ஜெர்மனில் ‘கிண்ட்’, யிட்டிஷிலும் ‘கிண்ட்’. ரொட்டிக்கு அங்கே ‘ப்ரோட்’, இங்கே ‘ப்ரோயிட்’. மேடையில் ஒரு பெண் பாடுகிறார். சொற்கள் பாட்டி வீட்டுப் பேச்சுப்போலக் காதில் விழுகின்றன. சில நிமிடங்களில் கேட்பவருக்கு உறைக்கிறது: இது நம் மொழியின் தங்கை. இதைப் பேசியவர்களைத்தான் நம் நாடு கொன்றது. எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு நேரடியாகச் சொல்லிவிட முடியாது. போருக்குப் பின் பிறந்த ஜெர்மன் இளைஞர்கள் பலருக்கு யிட்டிஷ் என்று ஒரு மொழி இருந்ததே லின் வழியாகத்தான் தெரியவந்தது.

1966இல் அவர் பாடிய இசைத்தட்டும், யிட்டிஷ் பாடல் தொகுப்பு நூலும் கிழக்கு ஜெர்மனியில் வெளிவந்தன. மறு ஆண்டே காற்று மாறியது. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர். சோவியத் அணி அரபு நாடுகளின் பக்கம் நின்றது. யூதத் தொடர்புள்ள எதுவும் சந்தேகத்துக்கு உள்ளானது. இஸ்ரேல் அரசியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தாலாட்டும் தொழிலாளர் பாட்டும்கூட ஓரங்கட்டப்பட்டன. லினுக்கு மேடை வாய்ப்புகள் பல ஆண்டுகள் அருகிவிட்டன. அவர் நம்பிய அரசு நாஜி எதிர்ப்பின் பாட்டு வேண்டியபோது அவரை அழைத்தது, யூதப் பாட்டு உறுத்தியபோது ஒதுக்கியது. அந்த அரசைப் பற்றிய கசப்பான உண்மை இது. அவரோ நாட்டையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை.

மெழுகு, தாள், கம்பி

லின் குரலால் செய்ததை வேறு சிலர் தாளாலும் கருவியாலும் செய்தார்கள். கிளிக்கின் நண்பர் ஷ்மெர்கெ காச்செர்கின்ஸ்கி வில்னா கெட்டோவிலிருந்து தப்பிக் காட்டில் போராளியானவர். போர் முடிந்ததும் பிழைத்தவர்களைத் தேடிப் போய், நினைவில் இருந்த பாட்டுகளைச் சொல்லச்சொல்லி எழுதினார். 1948இல் நியூயார்க்கில் அச்சான அவர் தொகுப்பில் கெட்டோக்களிலும் முகாம்களிலும் பிறந்த 236 பாட்டுகள் உள்ளன. அவற்றில் 100க்கு மெட்டுகளும் உண்டு. 1954இல் அர்ஜென்டினாவில் ஒரு விமான விபத்தில் அவர் இறந்தார். அந்தப் புத்தகம் இல்லையென்றால் அந்தப் பாட்டுகளில் பல அவரோடும் அவரிடம் சொன்னவர்களோடும் போயிருக்கும்.

சிகாகோ உளவியல் பேராசிரியர் டேவிட் போடர் 1946இல் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியோடு ஐரோப்பா வந்தார். அகதி முகாம்களில் சுமார் 130 பேரிடம் பேசிப் பதிவு செய்தார். அவர்கள் பாடியதையும் சேர்த்துப் பதிந்தார். பிரான்சின் எனோன்வில் என்ற இடத்தில் பதிந்த பாட்டுகள் அடங்கிய சுருள் பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் அமெரிக்காவின் ஆக்ரன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் அகப்பட்டது.

கீவ் நகரில் மொய்செய் பெரெகோவ்ஸ்கி என்ற இசை ஆய்வாளர் போர்க்காலத்து யிட்டிஷ் பாட்டுகளைத் திரட்டினார். செம்படையில் போரிட்ட யூதச் சிப்பாய்கள், பிள்ளையை இழந்த தாய்கள் ஆகியோர் பாடியவை அவை. ஸ்டாலின் அரசு 1950இல் அவரைக் கைது செய்து, தாள்களைப் பறித்துக்கொண்டது. தம் உழைப்பு அழிந்துவிட்டது என்ற நினைப்போடுதான் 1961இல் அவர் இறந்தார். அழியவில்லை. 1990களில் கீவ் தேசிய நூலகத்தில் பெட்டிகளில் இருந்து அந்தத் தாள்கள் கிடைத்தன. பேராசிரியர் அன்னா ஷ்டெர்ன்ஷிஸும் பாடகர் ப்சோய் கொரொலென்கோவும் அவற்றுக்கு மறுபடி குரல் கொடுத்தார்கள். 2018இல் ‘யிட்டிஷ் குளோரி’ என்ற பெயரில் வந்த அந்த இசைத்தொகுப்பு கிராமி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீவ் பெட்டிகளில் இருந்தது பெரும்பாலும் சொற்கள்தாம். பல பாட்டுகளுக்கு மெட்டு எழுதப்படவில்லை. கொரொலென்கோ அந்தக் காலத்து மெட்டுகளில் எது பொருந்தும் என்று தேடித் தேடித்தான் பாட வேண்டியிருந்தது. பாட்டின் பாதி மட்டும் தாளில் தங்கும். மறுபாதி பாடுகிறவரின் தொண்டையில் இருக்கிறது.

அதனால்தான் பாடகர்கள் முக்கியமாகிறார்கள். போலந்தில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த ஹவா அல்பெர்ஸ்டைன் இன்னோர் உதாரணம். புதிய இஸ்ரேல் எபிரேயத்தை ஒரே மொழியாக நிறுத்த முயன்ற காலத்தில் யிட்டிஷைத் தோல்வியின் மொழியாகப் பார்த்தார்கள். எபிரேயப் பாட்டில் பெரும் புகழ் பெற்ற அவர், அந்தப் புகழை வைத்து யிட்டிஷையும் மேடைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1970களில் இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைத் தூசி தட்டி, பிழைத்திருந்த மூத்த வாத்தியக்காரர்களின் காலடியில் உட்கார்ந்து ‘கிளெஸ்மர்’ என்ற கல்யாண இசையைக் கற்றார்கள். அந்த அலை பின்னர் ஐரோப்பாவுக்கும் வந்தது.

மகளின் குரல்

1979இல் ஆன் பிராங்க் பிறந்து ஐம்பது ஆண்டு நிறைவு. அதற்காக லின் குடும்பம் ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. பியானோவில் எபர்ஹார்ட், பாட லின், கூடவே இரண்டு மகள்கள். நடிப்புப் பயின்றிருந்த இளைய மகள் யால்டா அன்றிலிருந்து யிட்டிஷ் பாடகியானார். கிரெக்ட்ஸை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதை அவர் அம்மா பாடக் கேட்டே பிடித்தார். அவர் பெயரே அம்மாவின் மேடைப் பெயரிலிருந்து வந்ததுதான்.

1987 ஜனவரியில் கிழக்கு பெர்லினில் யிட்டிஷ் பண்பாட்டு நாள்கள் நடந்தன. அதைத் தொடங்கி வைத்தவர்களில் யால்டா முதன்மையானவர். பதிவு பெற்ற யூதர்கள் சில நூறு பேர் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு நாட்டில், அந்த மொழிக்கென்றே ஒரு விழா. லின் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 1988 ஆகஸ்ட் 31ஆம் தேதி கிழக்கு பெர்லினில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பெர்லின் சுவர் விழுந்தது. 1990களில் பெர்லின் கிளெஸ்மர் இசையின் முக்கிய நகரங்களில் ஒன்றானது.

வாசித்தவர்களிலும் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் யூதரல்லாத ஜெர்மானியர்கள். இது உண்மையான அக்கறையா, குற்ற உணர்வுக்கு மருந்தா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பிறப்பால் வந்தவர்கள்தான் பாட வேண்டும் என்று விதி வைத்தால் லின் யால்டாட்டியே பாடியிருக்க முடியாது. மொழியை ஒழுங்காகக் கற்கிறார்களா, அசைவுகளைக் கேட்டுப் பிடிக்கிறார்களா, எழுதியவர் யார், அவருக்கு என்ன ஆனது என்பதை அவையோரிடம் சொல்கிறார்களா என்பதே பார்க்க வேண்டியது.

லினின் கதை அதன் பிறகும் தேடிப் படிக்கப்பட்டது. டச்சு எழுத்தாளர் ரொக்சான் வான் ஐபெரன் நார்டனில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். அதுதான் ‘உயரக் கூடு’ என்று அறிந்து சகோதரிகளின் வரலாற்றைத் தோண்டி 2018இல் நூலாக்கினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் ஷ்னியர், பாடகி ஜூலியா ஐசென்பெர்க்குடன் சேர்ந்து லினின் வாழ்க்கையைப் பாட்டும் உரையுமாக மேடையேற்றினார். ‘கலையே என் ஆயுதம்’ என்று அதற்குப் பெயர். 2020இல் ஷ்னியரும் 2021இல் ஐசென்பெர்க்கும் மறைந்தார்கள். யால்டா 2007இல் யூத வழிபாட்டை இசையால் நடத்தும் கண்டோராகப் பட்டம் பெற்றார். பெர்லினில் அந்தப் பணியைச் செய்தபடி யிட்டிஷும் பாடிவந்தார்.

இந்தப் பாட்டுகளைக் கேட்கத் தொடங்க யிட்டிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கெபிர்டிக்கின் ஒரு தாலாட்டையோ ‘யிட்டிஷ் குளோரி’ தொகுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். வகுளாபரணத்தின் சுரங்கள் எங்கே தட்டுப்படுகின்றன, தொண்டை எந்த இடத்தில் அடைபட்டு விடுபடுகிறது என்று கவனியுங்கள். பிறகு லின் யால்டாட்டியின் குரலைத் தேடிக் கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமின் அந்தச் சங்கத்துக்குள் முதல்முறை நுழைந்தபோது அவருக்கும் யிட்டிஷ் தெரியாது.